ஊதினால் சுற்றும் தூண்டில்

முருகன் துணை

கோல சிலாங்கூர்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் விஷாலினிக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் உன் தம்பி பவனேஷும் சுகமாக இருக்கிறோம், மெல்பர்ன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் தப்பு என்னுடையது, வாயால் சொன்னால் அழுதுவிடுவேன்.

நீ அனுப்பிய மோட்டார் தூண்டில் வந்த புதிதில் தம்பி அதன் குழாயில் ஊதினால் நூல் சுற்றியது, உறிஞ்சினால் நூல் போனது. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாத பிள்ளை ஜெராம் மீன் குளத்தில் இரண்டு திலாப்பியா பிடித்தான், அப்பா குளத்தில் இருந்த எல்லோருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். அங்கே நடக்கும் மீன்பிடி போட்டிக்கும் பேர் கொடுத்தோம். சரஸ்வதி பூசை முடிந்த மறுவாரம் போனால் ஊதுகிறான் ஊதுகிறான், நூல் அசையவில்லை. வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்தபடி, “என் மூச்சு கொறஞ்சி போச்சிமா, பேர எடுத்துடுங்க” என்றான். அன்று அவன் சாப்பிடவில்லை.

நான் அகராதியை வைத்துக்கொண்டு தூண்டிலோடு வந்த விளக்கப் புத்தகத்தை மூன்று நாள் படித்தேன். குழாயைக் கழற்றி எச்சில் ஈரத்தை உதறிக் காயவைத்தேன், வடிகட்டியை மாற்றினேன், எங்காவது ஓட்டையோ என்று குழாயின் மறுமுனையை அடைத்து வாளித் தண்ணீரில் அமுக்கி ஊதினேன், ஒரு குமிழி இல்லை. பிறகு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். காலை ஏழு மணிக்கு இருபது தடவை ஊதினான், பத்தொன்பது சுற்றியது. பகல் ஒரு மணி வெயிலில் இருபதுக்கு ஆறு. மூச்சு குறைந்திருந்தால் காலையிலும் குறைந்திருக்க வேண்டுமே, அப்போதே என் மனசு கொஞ்சம் நிம்மதியானது.

குழாய் போய்ச் சேரும் மோட்டார் பெட்டியின் பக்கவாட்டில் சின்ன ஓட்டை இருக்கிறதா பாருங்கள் என்று போனில் நீ கேட்டபோது இல்லவே இல்லை என்றேன் அல்லவா. நேற்று பெட்டியைத் துடைக்கையில் சந்தனம் பெயர்ந்து விழுந்தது, அடியில் குண்டூசி அளவு ஓட்டை. பூசையன்று அப்பாவின் மோட்டார் சைக்கிள், கிரைண்டர், என் தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த கையோடு அதற்கும் வைத்தேன், அழகாக நடுவில் இருக்கட்டும் என்று அப்பிவிட்டேன். உள்ளே அடைபட்ட காற்று வெயிலில் சூடேறி அவன் மூச்சை எதிர்த்து நின்றிருக்கிறது. ஓட்டையில் மிச்சம் இருந்த சந்தனத்தை ஊசியால் குத்தாமல் காய்ந்த பல் துலக்கியால் மெதுவாகத் தட்டி எடுத்தேன். பகல் ஒரு மணிக்கு ஊதச் சொன்னேன், இருபதுக்கு இருபது.

தம்பியிடம் உண்மையைச் சொன்னேன். “பொட்ட எனக்கு வைங்கமா, பெட்டிக்கு வேணாம் லா” என்று சொல்லிவிட்டு இருமல் வரும்வரை சிரித்தான். அப்புறம் மெதுவாக, பேரை எடுத்துவிட்டீர்களா என்று கேட்டான். நான் எடுக்கவே இல்லை என்றேன்.

இதை அப்பா போனில் படம் பிடித்து இன்றே உனக்கு அனுப்புவார். ஞாயிற்றுக்கிழமை போட்டி, காலையில் நீ கூப்பிட்டு அவனிடம் பேசு. நேரத்துக்குச் சாப்பிடு, முருகன் உங்கள் இருவரையும் காக்கட்டும். அடுத்து எந்தச் சாமான் அனுப்பினாலும், எந்த இடத்தில் பொட்டு வைக்கக்கூடாது என்று முதலில் எழுதி அனுப்பு.

உன் அம்மா,
புஷ்பவள்ளி