சிக்னல் பதிவேட்டின் நகல்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் இங்கே சுகம், நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் அங்கே ஒரு குறையுமில்லாமல் இருப்பீர்கள் என்ற நினைப்போடுதான் பேனாவை எடுத்தேன். என் கால் கட்டைப் பிரித்தாகிவிட்டது, கைத்தடி மட்டும் இன்னும் கூடவே வருகிறது. அம்மாவுக்கு முட்டிவலி, தையல் மிஷினை விட்டு எழுந்திருக்கச் சொன்னால் மட்டும் அது அதிகமாகிவிடும்.

போனில் நீ 'விடுங்கப்பா, உயிர் பிழைச்சதே பெரிசு' என்றாய். நான் விடவில்லை, கோபித்துக்கொள்ளாமல் முழுதும் படி. மருத்துவமனை எதிரே நடப்பவர்களுக்கான பச்சை விளக்கு எரிந்த பிறகுதான் நான் சாலையில் இறங்கினேன். என்னை இடித்த வேனுக்கும் பச்சைதான் எரிந்ததாம், அந்த ஓட்டுநர் அழுதுகொண்டே சொன்னார். ஆனால் மாநகராட்சி அனுப்பிய கடிதத்தில், சிக்னல் சரியாக இயங்கியது, பாதசாரியின் கவனக்குறைவே காரணம் என்று இருந்தது. முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவன் நான், ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. என்னைப் போய்க் கவனமில்லாதவன் என்று எழுதிவிட்டார்கள். கால் வலியைப் பொறுத்துக்கொண்டேன், இதைப் பொறுக்க முடியவில்லை.

அந்த சிக்னலின் பதிவேட்டைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும் என்று மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். தகவல் பிரிவு மூன்றாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை, ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறினேன். அங்கிருந்த குமாஸ்தா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு 'இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு சார்?' என்றார். அவர் தலைக்குப் பின்னால் மாட்டியிருந்த அறிவிப்பிலேயே, நகரவாசி யாரும் ஆவணம் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை என்று இருந்தது. 'கொஞ்சம் திரும்பிப் பாருங்க, நீங்களே எழுதி மாட்டியிருக்கீங்க' என்றேன். முகம் சுண்டிப்போய்ப் படிவத்தை நீட்டினார். அவசரத்தில் சிக்னல் சம்பந்தப்பட்ட எல்லா ஆவணங்களும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், எது வேண்டும் என்பது தெளிவாக இல்லை என்று ஒரே வாரத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதைப் பார்த்து உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். 'அளவு சொல்லாம துணியை மட்டும் கொடுத்தா நான் என்னத்தைத் தைக்கிறது? எந்த சிக்னல், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரைக்கும், என்ன பதிவேடு, அதை எழுதுங்க' என்றாள். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்: மருத்துவமனை எதிர் சிக்னல், விபத்துக்கு முன் ஆறு மாதம், பின் ஒரு மாதம், புகார்ப் பதிவேடும் பழுதுபார்ப்புப் பதிவேடும், இரண்டுக்கும் நகல். தேதி முத்திரை குத்திய ரசீதை வாங்காமல் நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கவில்லை.

பதில் தர வேண்டிய கெடு தாண்டியது. கேட்டால் 'ஃபைலைக் காணோம் சார்' என்றார்கள். காணோம் என்றால் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்று மேலதிகாரிக்கு முறையீடு கொடுத்தேன். கையெழுத்துப் போட யாருக்கும் கை வரவில்லை போலிருக்கிறது, நான்காம் நாள் ஃபைல் கிடைத்துவிட்டது. நகல்களைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பிப் படித்தோம். என் விபத்துக்கு முன்பே ஒன்பது புகார். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பச்சை எரிகிறது என்று எதிரே இருக்கும் மருந்துக்கடைக்காரர் மட்டும் நான்கு தடவை சொல்லியிருக்கிறார். பழுது பார்த்ததோ நான் அடிபட்டு ஆறு நாள் கழித்து. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, உடம்பெல்லாம் கோபம்தான் வந்தது.

நகலோடு போக்குவரத்துப் பிரிவு அதிகாரியைப் பார்த்தேன். 'தப்பு நடந்துபோச்சு பெரியவரே, மனசுல வச்சுக்காதீங்க' என்று காபி வரவழைத்தார். பழியை எழுத்தில் கொடுத்துவிட்டு மன்னிப்பை மட்டும் வாயால் சொன்னால் ஆயிற்றா, எழுதித் தாருங்கள் என்று உட்கார்ந்துவிட்டேன். காபி ஆறிப்போனது, நான் தொடவில்லை. முந்தாநாள் கடிதம் வந்தது: சிக்னல் பழுதே காரணம், பாதசாரி மேல் தவறில்லை, முந்தைய கடிதம் ரத்து.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். நான் அடிபடுவதற்கு இரண்டு மாதம் முன்பே அதே இடத்தில் ஒரு பெண் அடிபட்டதாகப் பதிவேட்டில் ஒரு வரி, பெயரைக் கறுப்பு மையால் அடித்திருந்தார்கள். மருந்துக்கடைக்காரருக்கு ஆளைத் தெரிந்திருந்தது, பள்ளிக்கூட டீச்சர் என்று சொல்லி வீட்டுக்குக் கூட்டிப்போனார். டீச்சருக்கும் அச்சு மாறாமல் அதே கடிதம். அந்தம்மா அதை நம்பியே விட்டார், 'நான்தான் பாக்காம போயிட்டேன்னு இத்தனை நாளா நினைச்சுக்கிட்டிருந்தேன்' என்றார். தனியாகத் தெருவில் இறங்குவதையே நிறுத்திவிட்டாராம். இன்று காலை தங்கையோடு நம் வீட்டுக்கு வந்து, அம்மாவின் தையல் மேஜையில் உட்கார்ந்து, தனக்கு வந்த கடிதத்தையும் ரத்து செய்யக் கேட்டு விண்ணப்பம் எழுதினார். நாங்களும் அலுவலகத்துக்குத் துணைக்கு வருகிறோம் என்றோம். யாரும் வேண்டாம் என்று தங்கையையும் இங்கேயே உட்காரவைத்துவிட்டுக் கிளம்பினார். நாங்கள் மூவரும் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம், திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்து போனார்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், யாருக்கும் தலை குனியாமல் நன்றாக இருக்க எங்கள் ஆசிகள். பிள்ளைக்கு அடுத்த தடுப்பூசியை மறந்துவிடாதே.

உன் பிரியமுள்ள
அப்பா