கையை விட்டால் நேராகும் விமானம்

என் அருமை மாப்பிள்ளைக்கு,

படி ஏறினால் நீங்களும் கமலாவும், இறங்கினால் நான். கல்கத்தா பவானிபூரில் இத்தனை வருஷமும் அப்படியே இருந்துவிட்டதால் உங்களுக்குக் கடிதம் எழுத வேண்டிய அவசியமே வந்ததில்லை. இப்போது எழுதுகிறேன், பதில் வராது என்று தெரிந்தே.

கமலா அடுத்த வாரம் குழந்தையோடு திருநெல்வேலிக்குப் போகிறாள். நீங்கள் போன பிறகு இந்த ஊர் அவளுக்கு ஒட்டவில்லை. இங்கேயே இரு என்று கெஞ்சிப் பார்த்தேன், தங்கை கேட்கவில்லை. சாமான் கட்டும்போது பரண் மேலிருந்த உங்கள் பொம்மை விமானத்தை இறக்கி என் முன்னால் வைத்தாள். "ஒரு தடவையாவது இது பறக்கணும் அண்ணே. அதைப் பாத்துட்டுப் போறேன்" என்றாள்.

அதை வாங்கிய நாள் ஞாபகம் இருக்கிறதா? ரேடியோவால் ஓட்டும் விமானம் வேண்டும் என்பது உங்கள் வெகுநாள் ஆசை. சிங்கப்பூரிலிருந்து உங்கள் சித்தப்பா மகன் ரேடியோப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்ததும் இருவரும் கடைக்குப் போனோம். எனக்குக் கண்ணெல்லாம் அந்தச் சிவப்பு விமானத்தின் மேல். இறக்கை வயிற்றுக்கு அடியில், மூக்கு கூராக, சண்டை விமானம் போலவே இருந்தது. நீங்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், இறக்கை முதுகின் மேல் உட்கார்ந்த, தொந்தி வைத்த ஒன்றைக் கையில் எடுத்துச் சந்தையில் மாடு பார்ப்பவரைப் போலத் தடவித் தடவிப் பார்த்தீர்கள்.

"பழகுறவனுக்கு இதுதான் மச்சான். மெதுவாப் போகும். பதறிப்போய்க் கையை விட்டாலும் தானே நேராயிடும்" என்றீர்கள்.

வாங்கி வந்த துண்டுகளைச் சட்டமாக ஒட்டிக் காகிதம் போர்த்தி, அது விறைக்க நீங்கள் பூசிய மருந்தின் நெடி தாங்காமல் எதிர்வீட்டு வங்காளிப் பெண், நாம் பௌதி என்று கூப்பிடும் அண்ணி, மூக்கைப் பொத்திக்கொண்டு சண்டைக்கு வந்தாள். நீங்கள் அவளிடம் குழைந்து பேசி, அவள் வீட்டிலேயே டீயும் குடித்துவிட்டு வந்தீர்கள்.

அப்புறம் நாம் அடித்த கூத்து. முதல் தடவை பறக்கவிட நாள் பார்த்தோமே! விசுவகர்மா பூஜை, இயந்திரத்துக்கெல்லாம் படைக்கிற நாள், இதைவிட நல்ல நாள் உண்டா என்று உங்கள் கார்டன் ரீச் ஆபீசில் பூஜை முடிந்ததும் ஓடிவந்தீர்கள். மூக்கில் சந்தனம் குங்குமம் வைத்து மைதானத்துக்குக் கொண்டுபோனால் வானத்தில் இடமே இல்லை. அன்றைக்குத்தான் கல்கத்தா முழுக்கப் பட்டம் விடும். பார்த்த பக்கமெல்லாம் கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூல். இந்த ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நாமும்தான் வருஷா வருஷம் பார்த்திருக்கிறோம். அன்று பூஜையைப் பார்த்தோம், வானத்தைப் பார்க்கவில்லை. வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டே திரும்பினோம். அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்றீர்கள்.

அந்த ஞாயிறு நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள். மஞ்சள் காமாலை என்றார்கள். அதற்கடுத்த ஞாயிறு நீங்கள் இல்லை.

போன வாரம் கமலாவும் நானும் மைதானத்துக்குப் போனோம். மொட்டை மாடியில் நீங்கள் எஞ்சினைக் கிளப்பியதைப் பார்த்திருந்ததால் அதுவரைக்கும் எனக்கு வந்தது. கமலா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, விமானத்தைத் தலைக்கு மேல் தூக்கி எறிந்தாள். ஏறியது மாப்பிள்ளை. ஏறி, ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீங்கள் சொன்னது ஞாபகம் வந்து, ஓட்டும் ரேடியோப் பெட்டியின் குச்சிகளிலிருந்து கையை எடுத்துவிட்டேன். மெல்ல நிமிர்ந்தது. கமலா வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

தூரமாகப் போகிறதே என்று பயந்து திருப்பினேன். அது நம்மைப் பார்த்து வரும்போது இடமும் வலமும் மாறிப்போகும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நான் வலப்பக்கம் தள்ளத் தள்ள, என் கண்ணுக்கு இடப்பக்கமாகவே சரிந்துபோய்த் தரையில் குத்தியது. தப்பியது இறக்கை மட்டும்.

பொறுக்கும்போது கமலா அழவில்லை. "நீ கையை விட்டதும் நேராச்சுல்ல அண்ணே? நான் பாத்தேன்" என்றாள்.

ஆனது மாப்பிள்ளை. விமானம் நேரானது. நீங்கள் கையை விட்டுப் போனீர்களே, நாங்கள் நேராகவில்லை. கமலா ஊருக்குப் போவதாலும் ஆகப்போவதில்லை. குழந்தைக்கு உங்கள் முகம் மறந்துகொண்டு வருகிறது. மாடியில் வேறு யாரோ குடிவரப் போகிறார்கள். இதையெல்லாம் நான் எந்தப் பக்கம் தள்ளி நிமிர்த்துவேன்?

பறக்கவிடப் பழகுவேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். இனி அதற்கு மனசு இல்லை. ஆனால் நீங்கள் இருந்தவரைக்கும், போன பிறகு உங்கள் படத்தைப் பார்த்தும்கூட, அந்தச் சிவப்பையே வாங்கியிருக்கலாம் என்று வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தேனே, அதை இனி ஒருநாளும் சொல்ல மாட்டேன். இது சத்தியம்.

படியில் உங்கள் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று இன்னும் காது கொடுத்திருக்கும்,
உங்கள் மச்சான்
சண்முகம்