முருகம்மாளிடம் நீ தோற்ற ஆட்டம்

ஏழாயிரம்பண்ணை
14.6.2006, புதன்

அன்பு மகன் செழியனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் வீடும் கறுப்பு ஆடும் அது போட்ட இரண்டு குட்டிகளும் நல்லபடியாக இருக்கிறோம், அங்கே ஜப்பானில் நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று தெரிந்தால் அதுவே எனக்குப் போதும். ஞாயிற்றுக்கிழமைதானே போனில் பேசினோம், அதற்குள் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ சிரித்து மழுப்பிவிடுவாய், கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்புப் படிப்பு, எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படி.

முதலில் நல்ல சேதி. நீ மாசி மாதம் உன் கூட்டாளி கையில் கொடுத்துவிட்ட டிவி விளையாட்டுப் பெட்டி இன்னும் புதிது மாதிரி இருக்கிறது, துணி போட்டு மூடித்தான் வைக்கிறேன். நீ சொன்னாயே, கம்பெனிக்காரன் இந்தப் பெட்டி செய்வதையே விட்டுவிட்டான், பழைய சாமான் கடையில் வாங்கினேன், இதில்தான் போன் வயர் சொருக இடம் இருக்கிறது, இந்த ஆட்டத்தை விட மனசில்லாத ஆட்கள் எங்கேயோ ஒரு கம்ப்யூட்டரை ஓட்டிக்கொண்டு இருப்பதால்தான் நாம் சேர்ந்து விளையாட முடிகிறது என்று, அவர்கள் யாரோ எவரோ, பிள்ளைகுட்டியோடு நன்றாக இருக்கட்டும். உன்னோடு படித்த முனியராஜ் பஸ் ஸ்டாப்பில் இருக்கும் பிரௌசிங் சென்டரைப் பூட்டிவிட்டு வந்து பெட்டி வந்த அன்றைக்கு மாட்டிக் கொடுத்தான். போன் வயரைப் பிடுங்கிப் பெட்டியில் சொருகினதும் அது கீச்சென்று கத்தி, அப்புறம் கரகரவென்று இரைந்து, ஏதோ தொண்டையில் முள் சிக்கின மாதிரி செருமினது, நான் பயந்துபோய் எதையோ உடைத்துவிட்டோம் என்று கையை எடுத்துவிட்டேன். முனியராஜ்தான், பெரியம்மா, அது செழியன் வீட்டுப் பக்கம் வழி கேட்டுக்கிட்டுப் போகுது, சும்மா இருங்க என்றான். இப்போது அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை.

ஆனால் அந்த ஒரு மணி நேரமும் நம் போன் யாருக்கும் கிடைக்காது இல்லையா, போன மாதம் உன் மாமா மாரிசாமி ஆலங்குளத்திலிருந்து அடித்துப் பார்த்துப் பார்த்து, எப்போதும் எங்கேஜ், நம் ஊர்ப் பக்கம் போன் கிடைக்கவில்லை என்றால் எல்லாருக்கும் ஒரே நினைப்புதானே, எந்தப் பட்டாசுக் கம்பெனியில் என்ன ஆச்சோ என்று பஸ் பிடித்து ஓடி வந்துவிட்டான். வந்து பார்த்தால் நான் டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து பட்டனை அமுக்கிக்கொண்டு இருக்கிறேன். ஏ தாயி, நான் வழி முச்சூடும் சாமி கும்பிட்டு வாரேன், நீ இங்கன உக்காந்து உருண்டை உருட்டிக்கிட்டு இருக்கியே என்று தலையில் கை வைத்தான். அப்புறம் ஒரு டம்ளர் காப்பியைக் குடித்துவிட்டு, சிவப்பை இங்கிட்டுப் போடு, பச்சையை அங்கிட்டுத் தள்ளு என்று அவனே கத்த ஆரம்பித்துவிட்டான், கடைசி பஸ்ஸைத்தான் பிடித்தான்.

அந்த ஆட்டம் முதலில் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா. மேலிருந்து கலர் உருண்டை இரண்டு இரண்டாக விழுகிறது, ஒரே கலர் நாலு ஒட்டினால் வெடித்துக் காணாமல் போகும், அப்படி வெடிக்க வைத்தால் எதிராளி தலையில் கல் விழும், உருண்டை விழுகிற நடு வாசல் அடைபட்டவன் தோற்றான் என்று நீ போனில் சொல்லத்தான் சொன்னாய். ஆனால் இருபத்திரண்டு வருசமாக நான் பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிறவள். ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது, உரசக் கூடாது, மருந்துப் பக்கத்தில் மருந்தை வைக்கக் கூடாது, எது பக்கத்தில் எது இருந்தால் வெடிக்குமோ அதை எட்டி வை என்பதுதான் என் கைக்குத் தெரிந்த வேலை. அந்தக் கை என்ன செய்யும் சொல். சிவப்பு ஒரு மூலை, பச்சை ஒரு மூலை, எதுவும் எதோடும் ஒட்டாமல் அழகாக அடுக்கி வைத்தேன், ஒன்றும் வெடிக்கவில்லை என்று நிம்மதியாகவும் இருந்தேன். அப்படியே கழுத்து வரைக்கும் நிறைந்து தோற்றேன். நாலு வாரம் அப்படித்தான் தோற்றேன், நீயும் விடாமல் அடித்தாய், எனக்கு அது பிடித்திருந்தது. ஐந்தாவது வாரம்தான் மனசைத் திடப்படுத்திக்கொண்டு கண்ணை மூடி நாலு மஞ்சளை ஒட்டவிட்டேன். பொசுக்கென்று போய்விட்டது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை நானாக ஒன்றை வெடிக்க வைத்துச் சிரித்தேன் செழியா.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்து நான் ஜெயிக்க ஆரம்பித்தேன். ஒன்றல்ல இரண்டல்ல, எட்டு ஞாயிறு. கம்பெனியில் டீ நேரத்தில் இதே பேச்சுதான். அப்பா போனதிலிருந்து அங்கே எல்லாரும் என்னிடம் மெதுவாகத்தான் பேசுவார்கள் என்று உனக்குச் சொல்லி இருக்கிறேனோ என்னவோ. சிரித்துக்கொண்டு இருப்பவர்கள் நான் வந்தால் வாயை மூடிக்கொள்வார்கள். ஃபோர்மேன் அதட்டுகிற மனுசன், என்னை மட்டும் அக்கா நீங்க மெதுவா செய்ங்க என்பார். மேலத்தெரு பெத்தணன் வீட்டு வளைகாப்புக்கு என்னைக் கூப்பிடவில்லை, சாப்பாட்டை மட்டும் தூக்குச்சட்டியில் கொடுத்து அனுப்பினார்கள், மனசு நோகக் கூடாது என்று பாயசம் கூடவே வைத்திருந்தார்கள். நல்ல மனசுதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஜப்பான் என்ஜினியரை அஞ்சாங்கிளாசு அடிச்சிருச்சு என்று நான் போய்ச் சொன்னதும், பெரிய பீத்தக்காரிதான் மாடத்தி, அவன் தூங்கிட்டு இருந்திருப்பான் என்று பழையபடி என்னை வம்புக்கு இழுத்தார்கள் பார், எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஆட்டம் ஆரம்பித்த நேரம் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, எட்டு நாளைக்கு ஒரு தடவை வருகிற தண்ணீர். பக்கத்து வீட்டு முருகம்மாள் வேடிக்கை பார்த்துக்கொண்டு இருந்தாள். மதினி, நீங்க ஓடுங்க, எங்க வீட்டுக் குடத்தை மருமக பாத்துக்கிடுவா, இதை நான் புடிச்சிக்கிடுதேன் என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். ஆறு குடம் பிடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், டிவியில் என் பக்கம் ஜெயித்தது என்று மினுக்கிக்கொண்டு இருக்கிறது. எப்படிடீ என்றால், நான் ஒண்ணுமே செய்யலையே மதினி, அம்புட்டையும் வெடிக்காமப் பாத்துக்கிட்டேன் என்கிறாள். அவளும் சரம் பின்னுகிறவள்தானே. அவள் பக்கம் எதுவும் எதோடும் ஒட்டாமல் கழுத்து வரை நிறைந்து கிடந்தது. உன் பக்கம் பார்த்தால் ஓரமெல்லாம் காலி, நடுவில் மட்டும் கம்பம் மாதிரி ஒரே வரிசையாக வாசல் வரைக்கும் ஏறி நின்றது. மறுநாள் முனியராஜைப் பிடித்துக் கேட்டேன், அப்படித் தானாக ஆகுமா என்று. அவன் தலையைச் சொறிந்துகொண்டு, வேணும்னே அடுக்குனாத்தான் பெரியம்மா ஆகும் என்றான்.

ஆக எட்டு ஞாயிறும் நீ தூக்குச்சட்டியில் பாயசம்தான் கொடுத்து அனுப்பி இருக்கிறாய்.

இரண்டு நாள் எனக்கு ஆத்திரம். திங்கள், செவ்வாய் கம்பெனியில் முருகம்மாள், நானும் செழியனை ஜெயிச்சவதான் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள், நான் முகம் கொடுத்தே பேசவில்லை. நேற்றுச் சாயங்காலம் வேன் ஏறும்போது அவள் முகத்தைப் பார்த்தேன், அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன், அவளும் எதற்கென்று தெரியாமல் சிரித்தாள், வேன் முழுக்கச் சிரித்தது. கோபம் போய்விட்டது, ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். உன் அப்பா ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாக்பீஸால் தரையில் ஆடு புலிக் கட்டம் போடுவாரே. இருபத்தாறு வருசத்தில் ஒரு நாள் எனக்கு விட்டுக்கொடுத்தது இல்லை. நீ வயிற்றில் இருக்கும்போதுகூட இல்லை. நான் பத்துத் தடவை ஜெயித்திருந்தால் அதிகம், ஜெயித்த அன்றைக்கு ராச்சோறு வரைக்கும் என்னோடு பேச மாட்டார், குழம்பில் உப்பு இல்லை என்பார். அவர் போன பிறகு எல்லாரும் என்மேல் பிரியமாகத்தான் இருக்கிறார்கள். கோபப்பட ஒரு ஆள் இல்லை. நீயாவது அதைச் செய்வாய் என்று நினைத்திருந்தேன், நீயும் மெதுவாகப் பேசுகிறவர்கள் பக்கம் போய்விட்டாய்.

அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒழுங்காக விளையாடு. தோற்றால் அம்மா அழுவாள் என்று பார்க்காதே, அழுவதற்கு எனக்கு வேறு காரணம் இருக்கிறது, அதை நான் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன், இதைக் கொண்டுபோய் அதில் கலக்காதே. நீ ஜெயித்தால் நான் உன்னைத் திட்டுவேன், அதைக் கேட்டுக்கொள். இன்னும் ஒன்று. இனிமேல் சில வாரம் நான் உட்காருவேன், சில வாரம் சொல்லாமல் முருகம்மாளை உட்கார வைப்பேன். அவள் ஒரு ஆட்டம் ஜெயித்தாலும் பெட்டியைக் கட்டி மாமா வீட்டுக்கு அனுப்பிவிடுவேன், அப்புறம் நீ உன் மாமாவோடுதான் விளையாட வேண்டும்.

பழைய சோறு கிடைக்காத ஊர், வெந்நீராவது குடி. தலைக்கு எண்ணெய் வை. அப்பாவுக்கு ஆவணியில் வருசம் திரும்புகிறது, லீவை இப்போதே கேட்டு வை, மறக்காதே. உனக்கு நல்ல வேலையும் நீண்ட ஆயுசும் கொடுத்து குலசாமி வாரம் முழுக்க உன் பக்கமே நிற்கட்டும், ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு மட்டும் என் பக்கம் வந்துவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு
உன் அம்மா
ஊ. மாடத்தி