தலையால் பிடித்த கேட்ச்

அன்புள்ள வடிவு,

நான் நலம். எழுத்து கோணலாக இருந்தால் பயப்படாதே, படுத்துக்கொண்டு எழுதுகிறேன். ஓய்வுதான்.

பதினைந்து வருஷமாக நம் ஃபேக்டரிக்காகச் சனிக்கிழமை ஃபுட்பால், ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆடுகிறேன். ஒருநாளும் குழம்பியதில்லை. போன ஞாயிறு இங்கே பூனாவில், கோர்படி மைதானத்தில் கிரிக்கெட் ஃபைனல். கடைசிப் பந்தை எதிர் டீம் ஆள் வானத்துக்குத் தூக்கினான். நேராக என்னிடம்தான் வந்தது.

“அண்ணாச்சி, கைல பிடிங்க, கைல!” என்று பக்கத்தில் நின்ற நம் டீம் மாடசாமி கத்தினான்.

முந்தின நாள்தான் தலையால் முட்டி ஒரு கோல் போட்டிருந்தேன். அந்த ஞாபகத்தில் கைக்கு முன்னால் தலை போய்விட்டது. எகிறிய பந்தை மாடசாமி பிடித்துவிட்டான். அதுவும் அவுட்தான், ஜெயித்துவிட்டோம்! என்னை நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கோப்பை வாங்கத்தான் என்று நினைத்தேன், ஆட்டோவில் ஏற்றினார்கள்.

இங்கே சாப்பாட்டில் உப்பில்லை. நர்ஸ் நல்ல மாதிரி. முடி வளர்ந்துவிடும் என்கிறாள்.

“ரெண்டுல ஒரு ஆட்டத்த விட்டாத்தான் பூனாவுக்கு வருவேன்” என்று சொல்லிவிட்டு உன் அம்மா வீட்டுக்குப் போனாயே, விட்டுவிட்டேன். உடனே புறப்பட்டு வா.

எதை விட்டேன் என்று டாக்டர் திங்கட்கிழமை சொல்வார்.

இப்படிக்கு,
தலை தப்பிய உன் வீட்டுக்காரன்