ஃபெயிலானால் மட்டும் மெயில்

ஆவணி, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். மலை உச்சி மேகத்துக்குள். மழை வருகிற மாதிரி வந்து ஏமாற்றுகிறது.

புது சர்வரில் லாட்ஜ் புக்கிங் புரோகிராமை ஏற்றியாக வேண்டும். சனிக்கிழமை பௌர்ணமி, கிரிவலக் கூட்டம் வரும். போன பௌர்ணமிக்குப் பழைய சர்வர் படுத்துவிட்டது. ஒரே அறையை இரண்டு குடும்பத்துக்குக் கொடுத்து, கைக்குழந்தையோடு வந்தவர்கள் வராந்தாவில் படுத்தார்கள். இன்னொரு முறை அப்படி நடந்தால் லாட்ஜ்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். எங்களுக்கு இருப்பதே அந்த ஒரு பெரிய வேலைதான்.

இன்ஸ்டால் பாதியில் நிற்கிறது. எல்லா பேக்கேஜும் இறங்குகிறது, ஒன்றைத் தவிர. எந்த அறை காலி என்று பார்க்கிற பேக்கேஜ். தணிகை எழுதியது. "404, கிடைக்கவில்லை."

கேஷ் மெமரியை அழித்தாயிற்று. லாக் ஃபைல் அழித்தாயிற்று. எழுத்துப்பிழையும் இல்லை. அதே 404.

தணிகை இருந்தால் பக்கத்து நாற்காலியிலிருந்து எட்டிப் பார்ப்பான். "பிரைவேட் ரெப்போ இல்லைனு சொன்னா இல்லைனு அர்த்தமில்ல. இருக்குது, உனக்குக் காட்டமாட்டேன்னு அர்த்தம்" என்று சிரிப்பான்.

இருந்தால்.

செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். பற்றிக்கொண்டு வருகிறது. அந்த பேக்கேஜைப் பூட்டி வைத்திருக்கிற ரெப்போ கம்பெனி கணக்கிலேயே இல்லை. தணிகையின் சொந்தக் கணக்கில். "அப்புறம் மாத்திக்கலாம்" என்று வைத்தவன். இவ்வளவு நாள் கதவைத் திறந்துவிட்டது அவன் போட்டு வைத்திருந்த டோக்கன். ஆடியில் அதற்கும் காலம் முடிந்திருக்கிறது. புது டோக்கன் அவன்தான் எடுக்க முடியும். வைகாசியில் வீட்டுக்குத் திரும்புகிற வழியில் லாரி அடித்துப் போனவன்.

வாய்விட்டுத் திட்டினேன். நேற்று வரை அழுகை மட்டும்தான். திட்டினது ஆறுதலாக இருந்தது, அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற மாதிரி.

சார்: "அவன் லேப்டாப்பையும் ஃபார்மேட் பண்ணிட்டோமே. போன் அவங்க வீட்லதான் இருக்கும். ஓடிபி அதுலதான் வரும். நீ போய்க் கேளும்மா. எனக்கு அந்த வீட்டுப் படி ஏற முடியல."

வாங்க: பால். ஆப்பிள், தணிகை வீட்டுக்கு. பாப்பாவுக்கு பிஸ்கட். செருப்புக்கு வார்.

புதன்

கீழ்பென்னாத்தூர் பஸ். உட்கார இடமில்லை. பின்னால் ஒரு அம்மா, நிலக்கடலை போட்டவர்: "மல்லாட்ட ஜாஸ்தி வெளைஞ்சா வெல கம்மி, கம்மியா வெளைஞ்சா அவரு மூஞ்சி தொங்குது. நான் என்னாத்த பண்றது?" பஸ்ஸே சிரித்தது. நானும்.

செல்வி, தணிகையின் மனைவி, பாதியாகிவிட்டாள். காபி கொடுத்துவிட்டுத்தான் பேசினாள். அவன் போன் டிவி பக்கத்தில், சார்ஜில்.

"ஆஃப் பண்ணவே இல்லக்கா. ஆடியிலருந்து தெனம் சாயங்காலம் டிங்னு ஒரு சத்தம் வருது. ஆபீஸ்ல இன்னும் அவரத் தேடறாங்கன்னு நெனச்சுக்குவேன். பாப்பாகூட 'அப்பாக்கு போனு'னு ஓடிப்போய் நிக்குது."

எனக்குப் புரிந்துவிட்டது. எல்லாம் ஒழுங்காக இன்ஸ்டால் ஆகிறதா என்று தினமும் சாயங்காலம் தானாகப் பார்க்க அவனே ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தான். சரியாக இருந்தால் சத்தமே கிடையாது. ஃபெயிலானால் மட்டும் மெயில், அவனுக்கு. டோக்கன் முடிந்த நாளிலிருந்து தினமும் ஃபெயில்.

சொல்லவில்லை. என்னால் முடியவில்லை. "பாஸ்வேர்ட் மாத்தணும் செல்வி. ஒரு ஓடிபி வரும், படிச்சுச் சொல்றியா?" என்றேன். ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள், எங்கே தப்பாகிவிடுமோ என்று பயந்து பயந்து. அங்கேயே உட்கார்ந்து ரெப்போவைக் கம்பெனி கணக்குக்கு மாற்றினேன்.

வாசல் வரை வந்தாள். "வேற எதுனா வேணும்னாலும் கேளுங்கக்கா. போனு எங்கிட்டதான் இருக்குது."

வியாழன்

தலைவலி. வேங்கிக்கால் முழுக்கக் குழி தோண்டிப் போட்டிருக்கிறார்கள், ஆட்டோ சுற்றிக்கொண்டு வந்தது.

ஆபீஸ் பெயரில் புது டோக்கன். கான்ஃபிக்கில் தணிகை பெயர் இருந்த வரியை அழித்து ஆபீஸ் பெயரைப் போட்டேன். சின்ன வரி. அதற்கே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இன்ஸ்டால் ஓடிவிட்டது. ஒரு எச்சரிக்கைகூட இல்லை. சார் "அப்பாடா" என்றார். நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

சாயங்கால ஏற்பாட்டை மட்டும் வேண்டுமென்றே கெடுத்து வைக்கலாமா? தினமும் ஃபெயிலாகட்டும். பைத்தியக்கார யோசனை. ஆனாலும் திறந்து பார்த்தேன். பார்த்துவிட்டு மூடினேன்.

வெள்ளி

ஒருவழியாக மழை. குடை ஆபீசில். கிரிவலப் பாதையில் நனைந்துகொண்டே கடை போடுகிறார்கள். லாட்ஜ் நிரம்பிவிட்டது, ஓர் அறைகூட இரண்டு பேருக்குப் போகவில்லை. லாட்ஜ்காரர் சாருக்கு போன் செய்து பாராட்டினாராம். தணிகையின் கணக்கு பிசகவில்லை.

சாயங்காலம் செல்வி போன் செய்தாள்.

"அக்கா, நேத்தும் சத்தம் வரல, இன்னிக்கும் வரல. பாப்பா போன் கிட்டயே உக்காந்துனு இருக்குது. சார்ஜ் ஃபுல்லா இருக்குது, சிக்னலும் இருக்குது. அன்னிக்கு நீங்க வந்தப்ப நான் எதனா தப்பா அழுத்திட்டனாக்கா?"