பின்னால் ஸ்கூட்டரில் வர வேண்டாம்

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள். இன்றைக்கும் வேலை முடிந்து ஓடித்தான் வருவேன். ஓடும்போது சாவி இடுப்பில் குத்துகிறது, வைத்துவிட்டுப் போகிறேன். ஆறு மணிக்குக் கதவைத் திறக்க வீட்டில் இருங்கள்.

நேற்று என் பின்னாலேயே ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு, "மூச்சு வாங்குது பாரு, ஏறிக்கோ" என்று நச்சரித்தீர்கள். பழக்கடைக்காரர் உங்களை மறித்து, என்னிடம் "யாரும்மா இந்த ஆளு?" என்றார். விளையாட்டுக்கு, "தெரியலையேண்ணா" என்றேன். அவர் உங்கள் சட்டையைப் பிடிப்பார் என்று நினைக்கவில்லை. உடனே, "ஐயோ, எங்க வீட்டுக்காரர்" என்று ஓடி வந்து சொன்னேனே. சிரித்துக்கொண்டே சொன்னதுதான் தப்பு.

பி.கு.: வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை என்றால் ஐந்தரைக்குக் கண்ணாடிக்கடை வாசலுக்கு வாருங்கள், நடந்து. உங்கள் பழைய ஷூவுக்குப் புதுக் கயிறு கோத்து வைத்திருக்கிறேன். மெதுவாகத்தான் ஓடுவேன்.