ஒட்டுவதற்கு ஒரு கடை

ஜூலை 3, புதன்

புவியியல் டீச்சர் இன்று பாடப்புத்தகத்தை மூடி வைக்கச் சொல்லிவிட்டார். மலையும் ஆறும் போதுமாம். அவரவர் வீட்டில் எங்கெங்கே பொருள் வாங்குகிறோமோ, அந்தக் கடைகளை மட்டும் வைத்து ஊரை வரைய வேண்டும். ஒரே கடை இரண்டு பேர் தாளில் இருந்தால் அந்தத் தாள்களை அருகருகே ஒட்டுவாராம். வகுப்புச் சுவர் முழுக்க ஊர்!

எனக்கு என் சிநேகிதி நெட்டையின் தாளுக்குப் பக்கத்தில் இடம் வேண்டும். அவ்வளவுதான்.

ஜூலை 4, வியாழன்

நெட்டை எங்கள் தெருவை விட்டு, மாலுக்கு எதிரே உள்ள அடுக்குமாடிக்குக் குடிபோனதிலிருந்து மதியம் வேறு பெண்களோடு சாப்பிடுகிறாள். அவர்கள் ஊரைச் சொல்வதே கடைகளை வைத்துத்தான். "எங்க வாங்குன?" என்று கேட்டால், "நீ யாரு?" என்று கேட்பதாக அர்த்தம்.

இன்று நெட்டை சொன்னாள்: "எங்க வீட்டுல எல்லாமே மால்லதான்டி. உன் மேப்பும் என் மேப்பும் ஒட்டாது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனாலும் —

ஜூலை 6, சனி

என் தாளிலும் மால் கட்டடத்தை வரைந்துவிட்டேன். அப்பா எட்டிப் பார்த்தார்.

"அங்க என்னம்மா வாங்கினோம்?"

"வெயில் காலத்துல போனோமேப்பா."

"ஓ. அப்போ ஏசி வாங்கினோம்னு எழுதிக்கோ."

"நகரும் படியில இவரு ஏறி ஏறி இறங்கினாரே, அதையும் சேர்த்துக்கோ" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

நானும் சிரித்தேன். படத்தை அழிக்கவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

எங்கள் தெருக் காய்க்கடையில் நெட்டையின் அம்மா! பஸ் மாறி வந்திருக்கிறார். வெங்காயத்தையும் தக்காளியையும் மாலில் தருகிற தடித்த காகிதப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் பையையே பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

"எங்க லிஃப்ட்டுல எல்லாரும் பையைத்தான் பாக்குறாங்க கண்ணு, மூஞ்சியை இல்ல. வாராவாரம் இங்கதான் வர்றேன். உன் சிநேகிதிதான், 'தெருவுல வாங்குறது தெரிஞ்சா என்ன நினைப்பாங்க'ன்னு என் உசிரை வாங்குறா. இந்தப் பையும் அவ குடுத்ததுதான்."

வீட்டுக்கு வந்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒட்டாதாமே! நாளைக்கு எல்லார் முன்னாடியும் கேட்டுடவா? கேட்டா என்ன ஆகும்? அவ அழுவா. அழட்டுமே. அப்புறம்?

அப்புறம் என் தாளைப் பார்த்தேன். அவள் வாங்குகிற கடையை மறைத்தாள். நான் வாங்காத கடையை வரைந்தேன். இதில் யார் யாரைக் கேட்பது?

மால் படத்தை அழித்துவிட்டேன். கறையாக இன்னும் தெரிகிறது.

ஜூலை 8, திங்கள்

நெட்டையிடம் தாளைக் காட்டினேன். "மாலுக்கு நாங்க சும்மா சுத்திப் பாக்கத்தான் போனோம். உன் பக்கத்துல ஒட்டணும்னு வரைஞ்சேன். அழிச்சுட்டேன்."

அவள் அம்மாவைக் காய்க்கடையில் பார்த்ததை நான் சொல்லவில்லை.

அவள் அந்தக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "லூசு" என்றாள். மணி அடித்துவிட்டது.

ஜூலை 9, செவ்வாய்

மழை. வேறொன்றும் இல்லை.

ஜூலை 10, புதன்

டீச்சர் ஒட்டத் தொடங்கினார். என் தாளை எங்கே வைப்பது என்று அவர் யோசித்தபோது நெட்டை எழுந்து, "இதோட ஒட்டுங்க டீச்சர்" என்று தன் தாளை நீட்டினாள். ஓரத்தில் எங்கள் காய்க்கடை. பேனாவால் வரைந்திருந்தாள்.

மதியம் அவளோடு சாப்பிடுகிறவர்களில் ஒருத்தி, "அங்கயா வாங்குறீங்க?" என்றாள்.

"ஆமா. தக்காளி நல்லா இருக்கும். உனக்கும் வாங்கியாரச் சொல்லவா?"

குரல் கொஞ்சம் நடுங்கியது. எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

ஜூலை 14, ஞாயிறு

இன்று நெட்டையும் அவள் அம்மாவோடு வந்தாள். காய்க்கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்கேம்மா, ஆளையே காணோம்?"

"மேல இருந்தேன் அண்ணே. பன்னிரண்டாவது மாடி."

"சரி, இறங்கி வந்துட்டல்ல. தக்காளியப் பொறுக்கு."

இருவரும் குந்தி உட்கார்ந்து பொறுக்கினோம். நல்லதையெல்லாம் அவள் தன் பக்கமே தள்ளிக்கொண்டாள்.